நெற்றிப் பட்டை மாட்டினால் தூக்கம் வருமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 66 வயது. தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். எங்க வீட்டு ஐயா தவறி மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகள் வெளியூரில். இவ்வளவு பெரிய வீட்டில் நானும் உதவிக்கு இருக்கும் ஒரு பெண்ணும்தான். ராத்திரி 9 மணிக்கே படுத்துவிடுவேன். முகப்பில் இருக்கும் பழைய பெண்டுலக் கடிகாரம் பத்து, பதினொன்று என்று அடிப்பதை எண்ணிக்கொண்டே கிடப்பேன். 12 அடித்த பிறகுதான் கண் அசரும். 5 மணிக்கு விழிப்பு வந்துவிடும், 6 வரை புரண்டுகொண்டிருப்பேன். மத்தியானம் பட்டாலையில் ஒன்றரை மணி நேரம் சாய்ந்தால்தான் உடம்பு ஓடுகிறது. இரண்டு வருஷமாகத் தூக்கத்துக்கு அல்பிரஸோலம் மாத்திரை அரை மில்லிகிராம் போடுகிறேன். பழைய சீட்டைக் காட்டி வாங்கி வருவார்கள். இப்போது அதுவும் கேட்பதில்லை.

போன மாதம் சிங்கப்பூர்ப் பேரன் வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனான். நெற்றியில் மாட்டும் பட்டை ஒன்று கொண்டுவந்தான். லேசான மின்சாரம் கொடுத்து, மருந்தில்லாமல் தூங்க வைக்குமாம். 12 நாள் மாட்டினேன். முதல் நான்கு நாள் நன்றாகத் தூங்கினேன், பிறகு பழைய கதைதான். செல்போனில் ‘ஆழ்ந்த தூக்கம் 31 நிமிடம்’ என்று வருகிறது, பார்த்தால் பயமாக இருக்கிறது. மதுரையில் இதே மாதிரிக் கருவியைச் சோதித்துப் பார்க்க ஆள் சேர்க்கிறார்களாம், பெயர் கொடுக்கச் சொல்கிறாள் மகள். பாதிப் பேருக்குப் போலிக் கருவி கொடுப்பார்களாமே, அது ஏமாற்று இல்லையா? பட்டைதான் இருக்கிறதே, மாத்திரையை நிறுத்திவிடலாமா? நான் குறட்டை விடுவதாக அந்தப் பெண் சொல்கிறது. பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: அன்புள்ள ஆச்சிக்கு,

மாத்திரையைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. தயவுசெய்து அதைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வருஷம் அல்பிரஸோலம் போட்ட உடம்பு அதற்குப் பழகிப்போயிருக்கும். திடீரென்று விட்டால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, ஒரு பொட்டுத் தூக்கமில்லாத இரவுகள் என்று வரிசையாக வரும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். அப்போது “மாத்திரை இல்லாமல் நமக்குத் தூக்கமே கிடையாது” என்று மனசு முடிவு கட்டிவிடும். உண்மையில் அந்த இரவுகள் மருந்தை விட்டதால் வந்தவை. மருத்துவர் ஒருவர் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டு வர வேண்டும். சிலருக்கு மாதக்கணக்கில்கூட ஆகும்.

அதே சமயம், காலத்துக்கும் இதைப் போட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். இதைச் சொல்லும்போது எனக்கு உங்கள் வீடுதான் கண்ணில் வருகிறது. நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான். அறையை விட்டு வெளியே வர நிலைப்படி தாண்ட வேண்டும். வளவைச் சுற்றிக்கொண்டு இரண்டாம் கட்டு, அதையும் கடந்து பின்கட்டுக்குப் போனால்தான் பாத்ரூம். நடுவில் முற்றத்துப் படி. ராத்திரி 2 மணிக்கு மாத்திரை மயக்கத்தில் இருட்டில் எழுந்து, நிலைப்படி தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோன ஓர் அம்மாவுக்கு நான் சிகிச்சை கொடுத்திருக்கிறேன். விழுந்த நாள் வரை வீட்டில் அத்தனை வேலையையும் அவரே பார்த்தவர். இந்த வகை மாத்திரைகள் வயதானவர்களைத் தடுமாறி விழச் செய்யும் என்பது மருத்துவ உலகில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். பழைய சீட்டுக்கு இந்த மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பதும் தவறு. அல்பிரஸோலம் எச்1 அட்டவணையில் இருக்கிறது. சீட்டைப் பார்த்து, தனி ஏட்டில் பதிந்துதான் கடைக்காரர் கொடுக்க வேண்டும். இரண்டு வருஷமாக ஒரு மருத்துவரும் உங்களைப் பார்க்காமல் இது ஓடியிருக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

அடுத்தது குறட்டை. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியை மூன்று முறை படித்தேன். 66 வயது, ரத்த அழுத்தம், குறட்டை, பகலில் சாய்ந்தே தீர வேண்டிய அசதி. இந்த நான்கும் ஓரிடத்தில் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஸ்லீப் அப்னியா என்பார்கள். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடும், மூளை உலுக்கி எழுப்பும், மறுபடி கண் அசரும், மறுபடி அடைபடும். விழித்தது காலையில் நினைவிருக்காது, அசதி மட்டும் மிஞ்சும். அல்பிரஸோலம் இதை இன்னும் மோசமாக்கக்கூடும். நெற்றிப் பட்டை இதற்கு எதுவும் செய்யாது. இதற்கென்றே மருந்தில்லாத, மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்று உண்டு. மூக்கில் மாட்டும் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பி மூச்சுப் பாதையைத் திறந்துவைக்கும் சிபேப். ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981-ல் அறிமுகப்படுத்தியது. நாற்பது வருஷத்துக்கும் மேலாகச் சோதித்துத் தேறிய கருவி. ஆனால் அது அப்னியாவுக்கு மட்டும்தான், வெறும் தூக்கமின்மைக்குக் கிடையாது. உங்களுக்கு இருப்பது எது, இரண்டுமேவா என்று தெரியாமல் எந்தப் பட்டையை மாட்டியும் பயனில்லை.

இனி பேரன் கொண்டுவந்த பட்டைக்கு வருகிறேன்.

தூக்கமின்மைக்கு மாட்டிக்கொள்ளும் கருவிகள் சில வகைப்படும். நெற்றியைக் குளிர்விப்பது ஒன்று. படுத்த பிறகும் ஓயாமல் ஓடும் மூளையின் முன்பகுதியைத் தணிக்கலாம் என்பது அதன் எண்ணம். அப்படி ஒரு கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-ல் அனுமதி கொடுத்தது. அதன் முக்கிய ஆய்வைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும்: ஆய்வாளர்கள் முன்கூட்டியே முதன்மையாகக் குறித்துவைத்த இலக்குகளை அந்தக் கருவி எட்டவில்லை. கண் அசந்து மேலோட்டமான தூக்கத்துக்குள் போகும் நேரம் ஓரளவு குறைந்ததைத்தான் காட்ட முடிந்தது. ஆபத்து குறைவு, சிறு பலனாவது உண்டு என்பதால் அனுமதி கிடைத்தது. இன்னொரு வகை உங்களிடம் இருப்பதைப் போன்றது, நெற்றியிலோ காது மடலிலோ மிக மெல்லிய மின்சாரம் பாய்ச்சுவது. 2019-ல் அதே நிர்வாகம் தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் பயன்படும் இந்த வகைக் கருவிகளை நடுத்தர ஆபத்துப் பிரிவில் வைத்து, கட்டுப்பாடுகளோடு விற்கலாம் என்றது. அதற்கு முந்தின வருஷம் வெளிவந்த ஒரு மறுஆய்வோ, இருக்கும் ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்துவிட்டு, தூக்கமின்மைக்கு இது உதவும் என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என்று முடித்தது. ஆகவே ‘அனுமதி பெற்றது’ என்று பெட்டியில் போட்டிருந்தால், உங்களைத் தூங்க வைத்துவிடும் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் வலிப்பு வந்தவர்களும் மின்சாரப் பட்டையை மருத்துவரைக் கேட்காமல் மாட்டவே கூடாது. உங்களுக்கு அப்படி ஏதும் இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

“முதல் நான்கு நாள் நன்றாகத் தூங்கினேன்” என்கிறீர்களே ஆச்சி, பேரன் இருந்ததும் நான்கு நாள்தானே?

அந்த நான்கு நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவனுக்கென்று வெள்ளைப்பணியாரத்துக்கு ஊறப்போட்டு ஆட்டியிருப்பீர்கள். மத்தியானம் பட்டாலையில் சாய நேரம் இருந்திருக்காது. வீட்டில் பேச்சுச் சத்தம், ராத்திரி 10 மணி வரை விளக்கு. 9 மணிக்கே போய்ப் படுத்திருக்க மாட்டீர்கள். பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்து தன் கையாலேயே நெற்றியில் மாட்டிவிட்ட பட்டை வேறு. அன்று வந்த தூக்கத்தில் மின்சாரத்தின் பங்கு எவ்வளவு, மத்தியானத் தூக்கத்தை விட்டதன் பங்கு எவ்வளவு, மனசு நிறைந்திருந்ததன் பங்கு எவ்வளவு? உங்களாலும் பிரித்துச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. இதோடு இன்னொன்றும் உண்டு. தூக்கம் ரொம்ப மோசமாக இருக்கும் வாரத்தில்தான் யாரும் புதுச் சிகிச்சை தேடுவோம். மோசமான வாரத்துக்கு அடுத்த வாரம் எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் தேவலையாகத்தான் இருக்கும். அந்தப் பெயரும் கருவிக்கே போய்ச் சேரும்.

போலிக் கருவி இதற்காகத்தான், ஆச்சி. அதில் ஏமாற்று இல்லை. பார்க்க ஒரே மாதிரிப் பட்டை, அதே எடை, அதே விளக்கு, நெற்றியில் தடவும் அதே பசை. நல்ல ஆய்வில் போலிப் பட்டையும் முதல் அரை நிமிடம் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுக்கும்படி செய்து, பிறகு மின்சாரத்தை அடக்கிவிடுவார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கும். மாட்டிவிடுபவருக்கும் தெரியாது. இரண்டு பக்கத்திலும் பேரன்கள் வருவார்கள், திருவிழா வரும், மோசமான வாரம் வரும், நம்பிக்கையும் இருக்கும். எல்லாம் இருபக்கமும் ஏறக்குறைய சமமாக விழுந்துவிடும். அதற்கு மேல் மிஞ்சும் வித்தியாசம்தான் மின்சாரம் செய்த வேலை. தூக்கமின்மைக்கு இது மிகவும் முக்கியம். ஏனென்றால் போலிக் கருவி மாட்டியவர்களிலும் கணிசமான பேர் “நன்றாகத் தூங்கினேன்” என்பார்கள், மனதார உண்மையாகவே சொல்வார்கள். ஒப்பிட இன்னொரு பக்கம் இல்லாமல் ‘எங்கள் கருவியைப் பயன்படுத்திய இத்தனை பேர் தூங்கினார்கள்’ என்று வரும் விளம்பரத்தை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. போலி உண்டு என்பதை முன்னாடியே சொல்லி, உங்கள் சம்மதத்தைக் கையெழுத்தாக வாங்கித்தான் சேர்ப்பார்கள்.

மதுரைக்குப் போவதில் எனக்கு மகிழ்ச்சிதான். இந்தக் கருவிகளைப் பற்றி நிச்சயமாக ஏதாவது சொல்ல முடிய வேண்டுமானால் உங்களைப் போன்றவர்கள் ஆய்வில் சேர வேண்டும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் மகளை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்திருக்கிறார்களா? 2009 ஜூன் முதல் இது கட்டாயமாகிவிட்டது. சிடிஆர்ஐ என்று தொடங்கும் எண் இருக்கும், இணையத்தில் போட்டு யாரும் பார்த்துக்கொள்ளலாம். நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கிறதா? விவரத்தாள் தமிழில் தருகிறார்களா, அதிலும் சம்மதப் படிவத்திலும் ஒரு பிரதி உங்கள் கையில் கிடைக்குமா? பட்டையால் ஏதாவது கோளாறு வந்தால் யார் செலவில் வைத்தியம்? எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாமா? போலி கிடைத்தவர்களுக்கு ஆய்வு முடிந்ததும் உண்மைக் கருவியைத் தருவார்களா? ஆய்வில் சேரப் பணம் கட்டச் சொன்னால் மேற்கொண்டு பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். அல்பிரஸோலம் சாப்பிடுவதையும் குறட்டையையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தக் காரணத்துக்காகச் சேர்க்க முடியாது என்றால் வருத்தப்படாதீர்கள், அவர்கள் சரியாக நடத்துகிறார்கள் என்று அர்த்தம்.

அங்கே ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தருவார்கள் என்று நினைக்கிறேன். தூக்கமின்மையின் கடுமையை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் தாள் அது, மொத்தம் 28 மதிப்பெண். 15-ஐத் தொட்டால் தூக்கமின்மை ஓரளவு கடுமையானது என்று பொருள். அதோடு தினமும் காலையில் நிரப்பும் தூக்கக் குறிப்பு இருக்கும். இந்த இரண்டிலும் நீங்களே உங்கள் வாயால் சொல்வதுதான் அளவு. இதைக் கவனியுங்கள், ஏனென்றால் செல்போன் காட்டிய 31 நிமிடம் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. பட்டையோ கைக்கடிகாரமோ பெரும்பாலும் மூளைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. பெரும்பாலானவை உடம்பின் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கின்றன. அசையாமல் கிடந்து கடிகார மணியை எண்ணினால்கூட ‘தூக்கம்’ என்று எழுதிக்கொள்ளும். ஆழ்ந்த தூக்கத்தைப் பிரிப்பதில் இவை இன்னும் தடுமாறுகின்றன. இந்த எண்களைத் துரத்தியே தூக்கத்தைத் தொலைப்பவர்கள் கூடிவிட்டதால் 2017-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்தார்கள். அந்தச் செயலியைப் பேரனிடம் சொல்லி எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பதில் ஒரு நோட்டு வாங்குங்கள். கணக்கு எழுதுவது உங்கள் வீட்டுக்குப் புதிதா? பர்மாவில் கடை வைத்திருந்த காலத்திலிருந்து அன்றாடச் சிட்டையும் பேரேடும் எழுதிய குடும்பங்கள் நம் பக்கத்தவை. காலையில் காபி குடித்த பிறகு நான்கே வரி: எப்போது படுத்தேன், உத்தேசமாக எப்போது கண் அசந்தது, எப்போது எழுந்தேன், மத்தியானம் எவ்வளவு நேரம் தூங்கினேன். ராத்திரி மணி பார்க்க வேண்டாம், உத்தேசம் போதும். இரண்டு வாரம் எழுதிவிட்டு ஐந்தொகை போடுங்கள். நீங்கள் கடிதத்தில் எழுதியதை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். 9-லிருந்து 6 வரை படுக்கையில் 9 மணி நேரம். தூங்கியது 5 மணி நேரம். நூற்றுக்கு 56. மத்தியானம் ஒன்றரை மணி நேரத்தைச் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஆறரை மணி நேரம் தூங்குகிறீர்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பொதுவாகச் சொல்வது 7 முதல் 8 மணி நேரம். ஆறரை என்பது அதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. உங்கள் தூக்கம் தொலைந்துபோகவில்லை ஆச்சி, பகலிலும் இரவிலுமாகச் சிதறிக் கிடக்கிறது. ஒன்று சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அதைச் சேர்க்கும் சிகிச்சைக்கு சிபிடி-ஐ என்று பெயர். தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை. 2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி நீடித்த தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே முதல் சிகிச்சையாக இதைத்தான் கொடுக்க வேண்டும் என்றது. ஐரோப்பிய வழிகாட்டிகளும் அதையே சொல்கின்றன. மருந்தும் இல்லை, மாட்டவும் ஒன்றுமில்லை. தூக்கம் வரும்போது மட்டும் படுக்கைக்குப் போக வேண்டும். இருபது நிமிடம் போல ஆகியும் வராவிட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். உங்கள் வீட்டில் வளவு ஓரமாகச் சின்ன விளக்கும் நாற்காலியும் போட்டு வையுங்கள். ஊஞ்சலில் சாயாதீர்கள், அங்கேயே அசந்துவிடுவீர்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும், எழுந்ததும் முற்றத்து வெயிலில் கொஞ்ச நேரம். மத்தியானத் தூக்கம் 3 மணிக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும், அதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். காபியை மத்தியானத்தோடு நிறுத்திவிடுங்கள், மாலையில் வேண்டாம். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெந்நீரில் குளித்தால் உடம்புச் சூடு தோல் வழியாக வெளியேறி உள்ளே தணியும், கண் அசருவது சற்று எளிதாகும்.

இதன் உயிர்நாடி, படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. 9 மணி நேரத்தை ஒரேயடியாக ஐந்தரைக்கு வெட்டுவது இளவயதினருக்குச் சரிவரும். உங்களுக்கு அப்படி வேண்டாம். முதல் வாரம் 10 மணிக்குப் படுங்கள், அடுத்த வாரம் பத்தரை, பிறகு 11. காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள். படுத்த நேரத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தூக்கமாக மாறிய பிறகு, கால் மணி நேரம் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொள்ளலாம். குறட்டைச் சோதனை முடிவு தெரிந்து, மருத்துவர் சரி என்ற பிறகே தொடங்குங்கள். ஆரம்பத்தில் பகலில் அசதி கூடும், இரண்டு மூன்று வாரத்தில் பிடிபடும்.

அந்தப் பெண்டுலக் கடிகாரத்தை ராத்திரி மட்டுமாவது மணியடிக்காமல் நிறுத்தி வையுங்கள். அது உங்கள் வீட்டு ஐயா கையால் சாவி கொடுத்த கடிகாரமாக இருக்கும் என்று தோன்றுகிறது. நிறுத்த மனசு வராவிட்டால், காலையில் நீங்களே சாவி கொடுத்து ஓட விடுங்கள். மூன்று வருஷம் துக்கத்துக்குப் பெரிய காலமில்லை. ஆனால் எதிலும் நாட்டமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை விழிப்போடு ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணமும் வருகிறது என்றால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குத் தனியாக வைத்தியம் உண்டு, தூக்கமும் அதனுடனேயே சீராகும். நேரில் போகும் வரை பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அரசின் மனநல உதவி எண் அது, கூப்பிடுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

பட்டையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மாத்திரை அளவு நிலையாக இருக்கும் நாட்களில், வேண்டுமானால் வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். எட்டுச் சீட்டு எழுதுங்கள், நான்கில் ‘பட்டை’, நான்கில் ‘சும்மா’. திருவுளச் சீட்டுப் போல வாரம் ஒன்று எடுங்கள். வந்தது எதுவோ அந்த வாரம் முழுக்க அதுதான். நோட்டில் நான்கு வரி எழுதிவாருங்கள். எட்டு வாரம் கழித்து இரண்டு பத்தியையும் கூட்டிப் பாருங்கள். மாட்டியிருப்பது உங்களுக்குத் தெரியும் என்பதால் இது மதுரை ஆய்வுக்கு ஈடாகாது. ஆனால் எட்டு வாரத்துக்குப் பிறகும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் தயங்காமல் பேரனிடம் சொல்லலாம், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அல்பிரஸோலம் அட்டை, பிரஷர் மாத்திரை, அந்தப் பட்டை, நோட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்கப் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். உதவிக்கு இருக்கும் அந்தப் பெண்ணையும் கட்டாயம் கூட அழைத்துப் போங்கள். குறட்டை நடுவில் சத்தம் நின்று, நீங்கள் மூச்சுத் திணறி மறுபடி இழுத்து விடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்பார். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.